மெட்ராஸில் யாரும் கத்தவில்லை

சண்முகையா பெரிய ஆட்டக்காரனாக வராமல் போனதற்குக் காரணம் நான் வாங்கிக் கொடுத்த பூட்ஸ்தான் என்று பதினோரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். வாங்கியது ஏழாம் நம்பர். அவன் காலுக்கு வேண்டியது எட்டாம் நம்பர். இதை அந்தப் பதினோரு வருஷத்தில் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவள் சிரித்தே என் மூடத்தனத்தைத் தீர்த்துவைத்திருப்பாள்.

மில்லில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஐம்பத்து மூன்று வயதில் வீட்டுக்கு வந்துவிட்ட ஆள் நான். சாயங்காலமானால் கோவில்பட்டியில் எங்கள் பக்கத்து மைதானத்தில் போய் உட்காருவேன். ஆடி முடித்த இளவட்டங்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்பார்கள்: "அண்ணாச்சி, சண்முகையான்னு ஒருத்தரு ஆடுனாராம்லா. அவரு மாதிரி ஸ்டிக் வேலை இந்த ஜில்லாவுலயே கெடையாதாம்லா. பெறகு ஏன் மேல போகல?" கேட்டுவிட்டுப் பதிலையும் அவர்களே வைத்திருப்பார்கள். சிபாரிசு இல்லை என்பான் ஒருவன். குடி என்பான் இன்னொருவன். சண்முகையா கலர் சோடா குடித்தாலே ஏப்பத்துக்கு வெட்கப்பட்டுத் திரும்பிக்கொள்கிற ஆள். அவன் பெயரில் குடி ஏறிவிட்ட பிறகு நான் சும்மா இருப்பது நியாயமில்லை. எழுதிவிடுகிறேன்.

என் வேலை மில் லேபர் ஆபீஸில் கிளார்க். ஆனால் அந்த வேலை கிடைத்தது ஹாக்கியால். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் பாதிப்பேர் ஸ்டிக் பிடித்தவர்கள். அதில் ஓடத் தெரியாதவனைக் கோலில் நிறுத்துவார்கள். நின்றேன். பந்து வந்தால் எனக்கு உயிர்ப்பயம். பயத்தில் கை, கால் எல்லாவற்றையும் நாலா பக்கமும் விரிப்பேன். அதில் பாதிப் பந்து எங்காவது பட்டுத் திரும்பிப் போய்விடும். பார்க்கிறவர்கள் இதைப் பாய்ச்சல் என்றார்கள். அந்தப் பாய்ச்சலைப் பார்த்து மில்லில் எடுத்தார்கள். நாலைந்து வருஷத்தில் டீம் மேனேஜர் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

மேனேஜர் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முதல் வேலை மைதானம். எங்கள் கரிசல் மண் மழைக்குக் களி, கோடைக்குப் பாறை. பங்குனியில் வெடிக்கும் வெடிப்பில் பந்து உள்ளே போனால் கையை முழங்கை வரை விட்டு எடுக்க வேண்டும். சீசனுக்கு முன்னால் வெடிப்பில் எல்லாம் சரளைக் கல்லைப் போட்டுக் குத்தி, மேலே செம்மண்ணைப் பரப்பி, சாயங்காலம் தண்ணீர் விட்டு, காலையில் எட்டுப் பேர் கல் ரோலரை இழுப்பார்கள். மூன்று நாள் இப்படிச் செய்தால், தட்டினால் சத்தம் வரும் அளவுக்குத் தரை இறுகிவிடும். அடுத்தது ஸ்டிக். விரிசல் விட்ட ஸ்டிக்குக்கு வஜ்ஜிரப் பசை தடவி மில் நூலை நெருக்கமாகச் சுற்றுவோம். நூலுக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை. கடைசியாகப் பந்து. இரண்டு ஆட்டம் ஆடினால் பந்து மண் நிறமாகிவிடும். அதைச் சுரண்டி, வெள்ளைப் பெயிண்ட் அடித்து, கம்பி வலையில் வைத்துக் காயப்போட வேண்டும். சண்முகையா வந்த பிறகு இந்த வேலையை அவன் யாரிடமும் விடவில்லை. ஆட்டத்துக்கு முந்தின நாள் தானே உட்கார்ந்து இரண்டு பூச்சுப் பூசுவான். என்ன தொழில் பக்தி என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் டீம் கத்துகிற டீம். "இங்கன, இங்கன" என்று பதினோரு பேரும் ஆட்டம் முழுக்கக் கத்துவோம். பந்து யார் காலடியில் இருந்தாலும் மற்ற பத்துப் பேரும் தன்னிடம் கொடுக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். வெளியூர் டீம்கள் எட்டயபுரத்து ஆட்டுச் சந்தை வந்திருக்கிறது என்று எங்களைக் கேலி செய்யும். எல்லாரையும்விடப் பெரிய சத்தம் என்னுடையது. கோலில் நிற்பவனுக்கு மைதானம் முழுக்கத் தெரியும்; பந்து அந்தப் பக்கம் இருக்கும்வரை உயிர்ப்பயமும் இல்லை. ஆகவே அங்கிருந்தபடியே "அங்கன, வலது, ராசு நிக்கான்" என்று எங்கள் ஃபார்வர்டு ராசு நிற்கிற இடத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பேன்.

சண்முகையா கழுகுமலைக்குப் பக்கத்துக் கிராமம். ஆடு மேய்க்கிற குடும்பம். பள்ளிக்கூட டீமில் அவன் ஆடுவதைப் பார்த்து நான்தான் மில்லுக்கு அழைத்து வந்தேன். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. முன்வரிசையில் இடது பக்கம், லெஃப்ட் இன் ஆடுவான். பந்து ஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டால் பிறகு அது பந்து இல்லை, அவன் உடம்பில் ஒரு உறுப்பு. மூன்று பேர் சுற்றி வளைத்தாலும் குனிந்த தலை நிமிராமல் வெளியே வருவான். வந்ததும், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஒரு தள்ளு. பந்து நேராக ராசுவின் ஸ்டிக்கில் போய் நிற்கும். "முதுகுல கண்ணு வச்சிருக்காம்லே" என்பார்கள் எதிர் டீம்காரர்கள். எனக்குப் பெற்றவன் மாதிரி பெருமையாக இருக்கும்.

மில்லில் அவன் பதிலித் தொழிலாளி. ஷிப்டு தொடங்கும்போது கேட்டில் நிற்க வேண்டும். யாராவது வராவிட்டால் உள்ளே, எல்லாரும் வந்துவிட்டால் பஸ் பிடித்து ஊருக்கு. மாமன் மகள் ஒருத்தியை அவனுக்கென்று பேசி வைத்திருந்தார்கள். ஆனால் கேட்டில் நிற்கிறவனுக்குப் பெண் இல்லை, உள்ளே போனபிறகு வரட்டும் என்று மாமன் சொல்லிவிட்டார். அதற்குமேல் ஒரு சங்கடம். எதிரே மில் மேனேஜர் வந்தாலும் இவன் வணக்கம் வைக்கமாட்டான், பார்த்தபடியே நடந்து போய்விடுவான். தலைக்கனம் என்று இரண்டு முறை புகார் வந்து, கூச்ச சுபாவம் என்று நான்தான் எழுதிக் கொடுத்து ஆற்றினேன்.

அந்தப் புகார்களை விசாரித்தவர் எங்கள் லேபர் ஆபீசர் ஜெபராஜ் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பழைய டைம் கார்டின் முதுகில், சுண்டுவிரல் அளவுக்குத் தேய்ந்த பென்சிலால் எழுதிக்கொண்டே பேசுவார். "பார்ப்போம்" என்றால் ஆகும். "பாருங்க" என்றால் ஆகாது. எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்து, "டீ சாப்பிடுதீரா?" என்று கேட்டுவிட்டால் நம் கதை முடிந்தது என்று அர்த்தம். அவர் அறைக்குப் போய்விட்டு வருகிறவனிடம் நாங்கள் முதலில் கேட்பது, டீ வந்துச்சா என்றுதான்.

எழுபதுகளின் நடுவில் ஒருநாள் அவர் என்னைக் கூப்பிட்டார். டீ இல்லை. மெட்ராஸில் ஒரு பெரிய வங்கி புதிதாக ஹாக்கி டீம் சேர்க்கிறது, நம் ஆளை அனுப்பலாமா என்றார். அந்தக் காலத்தில் ஆட்டத்தை வைத்துப் பிழைப்பது என்றால் அதுதான். வங்கி, ரயில்வே, போலீஸ் இப்படி ஒன்றில் நிரந்தர வேலை. அங்கே ஆடினால்தான் மாநிலத்துக்குப் பார்ப்பார்கள், அதற்கு மேலும் பார்ப்பார்கள். சண்முகையாவிடம் சொன்னபோது, "கேட்டுல நிக்க வேண்டாம்லா அண்ணாச்சி?" என்று அது ஒன்றைத்தான் கேட்டான்.

புல் தரை, பூட்ஸ் வேண்டும் என்று கடிதத்தில் போட்டிருந்தது. நாங்கள் அதுவரை வெறுங்கால். நான் அவன் பாதத்தை மில் நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். சித்திரை மாசம். பஸ்ஸில் எனக்கு வழக்கமான பயம் பிடித்துக்கொண்டது. தேர்வில் தோற்றுவிட்டால், ஜெயித்துவிட்டால், ஜெயித்துப் போனபின் எங்கள் டீம் என்ன ஆகும். கை தானாகப் பைக்குள் போய் அந்த நூலைத் திருமங்கலம் தாண்டும்வரை பிசைந்துகொண்டே வந்தது. உள்ளங்கை வியர்வையில் நூல் நனைந்து ஊறிவிட்டது. கடைக்காரர் அதை வைத்து அளந்து ஏழு என்றார், வாங்கி வந்தேன். முறுக்கின பருத்தி நூல் ஈரம் பட்டால் சுருங்கும் என்பது எங்கள் மில்லில் தரை கூட்டுகிறவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பூட்ஸை அவன் காலில் போட்டு, குதிகால் உள்ளே போகாமல் நின்றபோது தெரிந்தது. ரயிலுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. "போடப்போட நெகிழும்லே" என்றேன். அவன் நொண்டிக்கொண்டே ரயில் ஏறினான்.

மெட்ராஸில் மைதானம் பச்சைப்பசேலென்று இருந்தது. பல ஊர்களிலிருந்தும் இருபத்திரண்டு பேர். தேர்வு செய்கிறவர் ஓய்வுபெற்ற மிலிட்டரிக்காரர். பையன்களை நடுவில் கூட்டி வைத்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் தூரத்தில் மரத்தடியில் நின்றேன். எனக்குப் பயம் வந்தால் முதலில் தெரிந்துகொள்வது என் வயிறு. ஆட்டம் ஆரம்பிப்பதற்குள் வந்துவிடலாம் என்று கட்டடத்துக்குப் பின்னால் இருந்த கழிப்பறைக்கு ஓடினேன்.

உட்கார்ந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். விசில் கேட்டது. டொக் டொக்கென்று பந்துச் சத்தம் கேட்டது. ஆனால் மனிதச் சத்தம் ஒன்றுகூட இல்லை. சரி, இன்னும் ஆரம்பிக்கவில்லை, சும்மா தட்டிப் பழகுகிறார்கள் என்று நினைத்தேன். பட்டணத்துக்காரர்கள், நிதானமாகத்தான் ஆரம்பிப்பார்கள். அவசரமில்லாமல் வேலையை முடித்து, வாசலில் ஒரு டீ சாப்பிட்டு, அது வயிற்றில் இறங்கினதும் இன்னொரு முறை உள்ளே போய், வெளியே வந்து மறுபடி காது கொடுத்தேன். அப்போதும் ஒரு சத்தமும் இல்லை. இத்தனை நேரமா பழகுவார்கள் என்று மைதானத்துக்கு வந்தால், இரண்டு பக்கமும் கைகொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுபது நிமிஷ ஆட்டம் முடிந்து போயிருந்தது. எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு எவனும் இப்படி ஒரு ஆட்டத்தைத் தவறவிட்டிருக்க மாட்டான்.

சண்முகையா கோட்டுக்கு வெளியே புல்லில் உட்கார்ந்திருந்தான். பூட்ஸ் இரண்டும் பக்கத்தில் கழற்றிக் கிடந்தன. குதிகாலில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம் உடைந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "பந்த விடவே முடியல அண்ணாச்சி" என்றான்.

காலை வைக்கவே முடியவில்லை, அதனால் பந்தை அடிக்க முடியவில்லை என்று சொல்கிறான் என எடுத்துக்கொண்டேன். அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் விடவில்லை. "அது கெடக்கு, வா, இட்லி சாப்பிடுவோம்" என்று எழுப்பி நடத்திப் போனேன். கோவில்பட்டி வரும்வரை ரயிலில் பேசினேன், பேசினேன், அப்படிப் பேசினேன். ஆட்டத்தைத் தவிர எல்லாவற்றையும் பேசினேன்.

பத்து நாள் கழித்து ஜெபராஜ் சார் கூப்பிட்டார். "டீ சாப்பிடுதீரா?" என்றார்.

டீ வந்தது. மெட்ராஸிலிருந்து வந்திருந்த கடிதத்தை என் பக்கம் தள்ளினார். ஆட்டக்காரர் நல்ல திறமைசாலி. ஆனால் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார், ஒரு தடவைகூடக் கூட்டாளிக்குக் கொடுக்கவில்லை, சுயநலமாக ஆடுகிறார் என்று எழுதியிருந்தது. சார் பென்சிலை உருட்டிக்கொண்டே, "நம்ம ஆளு அப்படி ஆடுற ஆளா?" என்று கேட்டார்.

நான் யோசித்ததெல்லாம் பூட்ஸைப் பற்றித்தான். இல்லை சார் என்றால், பிறகு ஏன் இப்படி என்று அடுத்த கேள்வி வரும். பூட்ஸ் வெளியே வரும். நூல் வெளியே வரும். கழிப்பறையும் வெளியே வரும்.

"சமயத்துல அப்படி ஆடுறதுதான் சார்" என்றேன்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "இன்னொருக்கப் பாக்கச் சொல்லி எழுதலாம்னு நெனச்சேன். அந்த மிலிட்டரிக்காரர் எனக்குத் தெரிஞ்சவருதான்."

"வேண்டாம் சார். எதுக்கு அவியளுக்குச் சிரமம்."

"பாருங்க" என்றார் சார், கடிதத்தை மடித்துக்கொண்டே. நானும் டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு சண்முகையா எங்களுக்காக ஆறேழு வருஷம் ஆடினான். அதே குனிந்த தலை, அதே தள்ளு, ராசுவுக்கு அதே பந்து. நான் கோலில் நின்று கத்திக்கொண்டே இருந்தேன். சுயநலக்காரன் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு, பூட்ஸ் இல்லாமல் ஆடுகிறான், நன்றாக ஆடுகிறான் என்று உள்ளே ஒரு முள் திரும்பும். நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் டிபார்ட்மெண்டில் அவனை நிரந்தரமாக்கினார்கள். அறுந்த நூலை இணைப்பதில் அவனைவிட வேகமான கை மில்லில் இல்லை. மாமன் மகளைக் கல்யாணம் செய்தான். பந்தியில் நான்தான் சாம்பார் வாளி தூக்கினேன். பிள்ளைகள் பிறந்தன. இத்தனைக்கும் நடுவில் மெட்ராஸ் என்ற சொல்லை அவன் முன்னால் நான் எடுத்ததே இல்லை. ரேடியோவில் மெட்ராஸ் வானிலை சொன்னால்கூட எழுந்து போய்விடுவேன்.

எண்பதுகளின் நடுவில் மில்லில் கண் பரிசோதனை முகாம் வைத்தார்கள். தொழிலாளர்கள் எல்லாரும் கட்டாயம் வர வேண்டும். பதிவேடு எழுதுவது என் வேலை. திருநெல்வேலியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். கேன்டீன் சுவரில் எழுத்துப் போர்டை மாட்டி, இருபதடி தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். நான் போர்டுக்குக் கிட்டே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தேன். சண்முகையா முறை வந்தது.

"மேல இருக்கிற பெரிய எழுத்தைச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா.

"எதுக்கு மேலம்மா?"

"போர்டுல."

"போர்டு தெரியுது. அதுல எழுத்து வேற இருக்கா?"

நான் பலமாகச் சிரித்தேன். "ஏலே, அவிய நேரத்த வீணாக்காத, சொல்லு" என்றேன். சிரித்தது நான் மட்டும்தான். டாக்டரம்மா எழுந்து போய் அவன் மூக்கில் இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டுப் போட்டு எடுத்தார். நாலாவதோ ஐந்தாவதோ போட்டதும் சண்முகையா போர்டைப் பார்க்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்தான்.

"அண்ணாச்சி, நீங்களா அது? இம்புட்டு நரைச்சிருச்சா உங்களுக்கு?"

இரண்டு கண்ணிலும் மைனஸ் மூன்றரை. சின்ன வயசிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. ஒரு அடிக்குள் எல்லாம் தெளிவாகவும், நாலைந்து அடி வரை ஓரளவுக்கும் தெரியும். அதனால்தான் நூல் வேலையில் பிசகு வரவில்லை. அதைத் தாண்டினால் மனிதர்கள் வெறும் நிழல்.

பஞ்சு குடோனுக்குப் பக்கத்தில் அவனை உட்கார வைத்து, பதினோரு வருஷத்தில் முதல் முறையாகப் பூட்ஸைப் பற்றி வாயைத் திறந்தேன். நூல் சுருங்கினது, பஸ்ஸில் பிசைந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பூட்ஸா? அதப் பத்தாவது நிமிசத்துலயே கழட்டி எறிஞ்சிட்டேனே அண்ணாச்சி. மிச்சம் முழுக்க வெறுங்கால்லதான் ஆடுனேன். நீங்க பாக்கலியா?"

நான் எங்கே இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கும் சிரித்தான்.

"பெறகு ஏன்லே ஒருத்தனுக்கும் பந்து குடுக்கல?"

"நம்ம ஊர்ல நீங்க எல்லாரும் கத்துவீங்க. இங்கனன்னா இங்கன, அங்கனன்னா அங்கன. சத்தத்தப் பாத்துத் தள்ளுவேன், ராசு எடுத்துக்கிடுவான். அங்க அந்த மிலிட்டரிக்காரரு விசில் அடிக்கறதுக்கு முன்னாலயே சொல்லிட்டாரு, எவனும் வாயத் தொறக்கக் கூடாது, கண்ணால பாத்துக் குடுக்கணும்னு. பாத்தேன். சுத்தி வர நெழல் நெழலா நின்னுச்சு. நம்ம ஆளு எது, எதிராளி எதுன்னு தெரியல. தப்பா குடுத்துறக் கூடாதேன்னு நானே வச்சிருந்தேன்."

"இத எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"என்னன்னு சொல்ல? எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சேன். மத்தவன்லாம் எப்படியோ பழகிட்டான், எனக்குத்தான் பட்டணத்து ஆட்டம் வரலன்னு நெனச்சேன். உங்களுக்கும் எம்மேல கோவம்னு பட்டுச்சு. அன்னையிலேருந்து நீங்க ஒருநாளும் அதக் கேக்கலல்லா."

ஜெபராஜ் சாரிடம் நான் என்ன சொன்னேன் என்பதையும் அங்கேயே சொன்னேன். அதற்கு மட்டும் அவன் சிரிக்கவில்லை. பஞ்சு மூட்டையிலிருந்து ஒரு இழையை உருவி விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். பிறகு, "ஷிப்டுக்கு நேரமாச்சு, வாரேன்" என்று எழுந்தான். நாலடி போனவன் திரும்பி நின்று, "நீங்களும் பயந்துட்டீங்கல்லா" என்றுவிட்டுப் போனான்.

சாயங்காலம் டாக்டரம்மா, பழைய மருத்துவக் குறிப்பு இருந்தால் கொண்டுவாருங்கள், பார்வை கூடியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். லேபர் ஆபீஸ் பீரோவில் தேடி, சண்முகையா மில்லில் சேர்ந்த அன்றைய உடல் தகுதிப் படிவத்தை எடுத்தேன். உயரம், எடை, மார்பளவு எல்லாம் நிரப்பியிருந்தது. பார்வை என்ற இடத்தில் "நன்று" என்று இருந்தது. கீழே மில் டாக்டரின் கையெழுத்து.

"நன்று" என்பது என் எழுத்து. அன்றைக்கு நாலரைக்கு ஆட்டம். அப்போது எங்களுக்கு லெஃப்ட் இன் ஆடிக்கொண்டிருந்தவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். டாக்டர் வர ஆறு மணி ஆகும். படிவம் முடியாமல் புது ஆளை இறக்க முடியாது. அதனால் அவன் கண்ணை யாரும் சோதிப்பதற்கு முன்னாலேயே நானே எழுதி வைத்துவிட்டு அவனை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அன்றைக்கு வரவேயில்லை, மறுநாள் வந்து கையெழுத்துப் போட்டார்.